செத்தும் வணக்கம் சொன்னவர்

அத்தியாயம் 9

விடிவதற்கு முன்பே, போன மாதம் தகனம் ஆன பழனியப்பன் ஊருக்கெல்லாம் காலை வணக்கம் சொன்னார்.

கூப்பிய கை, சிரித்த முகம், பக்கத்தில் மஞ்சள் ரோஜா, மேலே ஒரு வேல். கீழே வாசகம்: "நேற்றுப் பெய்த மழையில் ஸ்ரீ மூடா பக்கம் தண்ணீர் ஏறியதாம். எல்லோரும் பத்திரம். இனிய காலை வணக்கம். மலர் சில்க்ஸ், கிள்ளான்."

பதில்கள் வரத் தொடங்கின. ஈப்போவிலிருந்து ஓர் அம்மாள், "ஆத்மா சாந்தியடையட்டும் அண்ணே. அந்த மயில்கழுத்துக் கலர் இன்னும் இருக்கா?" என்று கேட்டிருந்தாள். செலாயாங்கிலிருந்து ஒருவன், "வணக்கம் அங்கிள், மேலயும் மழையா?" என்று விசாரித்திருந்தான்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சேலை விற்ற பழனியப்பனுக்கு இரண்டு கடை. ஒன்று தெருவில், இருபது பேர் நுழைந்தால் மூச்சு முட்டும். இன்னொன்று ஃபேஸ்புக்கில், நாற்பதாயிரம் பேர் நின்றாலும் இடம் மிச்சம். இரவு எட்டு மணிக்கு அவர் லைவ் வந்து முந்தானையை உதறினால் ஜொகூர் வரை ஆர்டர் விழும். மாரடைப்பில் மனிதர் போனார். அந்த இரண்டாவது கடையின் சாவியும் கூடவே போனது. சாவி அவர் போனுக்குள். போனைத் திறக்க அவர் கட்டைவிரல் வேண்டும்.

அந்தக் கட்டைவிரல் கதையைத் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தி, இரு கட்டைவிரல்களையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தபோது, மகன் திருச்செல்வம் முடிச்சை மெல்ல அவிழ்த்து விரலைப் போனில் வைத்துப் பார்த்தான். போன் அசையவில்லை. அத்தை வீரம்மாதான் அசைந்தாள். "பொணத்துக்கிட்ட கைநாட்டு வாங்குறான்டி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பறை மேளமே ஒரு நொடி நின்றது.

இன்று சனிக்கிழமை. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் அனுப்பும் ஆபீசில் மேனேஜர் வேலை பார்க்கும் திருச்செல்வம், பிரிக்பீல்ட்ஸிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தான். முகத்தில் ஒரு காரியம் முடித்த களை.

"இனிமே கவலை இல்லம்மா. நான் செட்டில் பண்ணிட்டேன்."

அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த இராஜம்மா திரும்பவில்லை. மேசையில் ஆர்டர் பைகளை மடித்துக்கொண்டிருந்த தங்கை மலர்விழிதான் நிமிர்ந்தாள்.

"என்னத்தை செட்டில் பண்ணினே?"

"அப்பாவோட டெத் சர்ட்டிபிகேட்டை ஃபேஸ்புக்குக்கு அனுப்பிட்டேன். அக்கவுண்டை நினைவுக் கணக்கா மாத்திடுவாங்க. பேருக்குப் பக்கத்துல நினைவஞ்சலின்னு வரும். அப்புறம் எவனும் உள்ள போக முடியாது. டீசண்டா இருக்கும் லா."

மலர்விழி மடித்துக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நம்ம கடையோட ஃபேஸ்புக் பக்கத்துக்கு அட்மின் யாரு?"

"அப்பா."

"வேற?"

"அப்பா மட்டும்தான்."

"அப்பா அக்கவுண்டைப் பூட்டினா?"

திருச்செல்வம் போனை எடுத்து, அனுப்பியதைத் திரும்பப் பெற வழி தேடினான்.

"நான் விதியைப் படிச்சேன்ணே. ஒரே அட்மின் இறந்துட்டாருன்னு நீயே எழுதிக் கொடுத்தா பக்கத்தையே எடுத்துருவாங்க. தீபாவளிச் சரக்கு மாடிப்படி வரைக்கும் அடுக்கி இருக்கு. நேத்து என் சொந்த அக்கவுண்டுல லைவ் போனேன். பதினோரு பேர் பார்த்தாங்க. பாதிப் பேர் நம்ம சித்தி பிள்ளைங்க. ஒருத்தன் என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டான்."

"யாரு?" என்று இராஜம்மா முதல் முறையாகத் திரும்பினாள்.

"அம்மா! அந்தப் பக்கம் போச்சுன்னா தீபாவளி போச்சு. தீபாவளி போச்சுன்னா கடையைச் சாத்திட வேண்டியதுதான். அண்ணனுக்கு ஆபீஸ் இருக்கு. எனக்கு இதுதான் இருக்கு."

திருச்செல்வம் நாற்காலியில் உட்கார்ந்தான். மேனேஜர் களை கழன்று, அவன் அம்மாவின் மகனாகிவிட்டிருந்தான்.

"தினம் எந்திரிச்சுப் போனை எடுத்தா அப்பா கை கூப்பிக்கிட்டு வர்றாரு. என்னால முடியலடி. எப்பவோ டைமர் வச்சிட்டுப் போன வணக்கம், அதுபாட்டுக்கு வந்துகிட்டே இருக்கு. அதை நிறுத்தத்தான் அனுப்பினேன்."

மலர்விழிக்குக் கோபம் பாதியில் நின்றது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று அன்றைய வணக்கத்தைத் திறந்தாள். படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"அண்ணே, டைமர் இல்ல. நேத்துச் சாயங்காலம் பெய்ஞ்ச மழை அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

"ஹேக்கர்!" திருச்செல்வம் துள்ளி எழுந்தான். "போலீஸ் ரிப்போர்ட் போடணும்!"

"ஊரான் பக்கத்துக்குள்ள பூந்த திருடன் வெள்ளத்துல பத்திரமா இருங்கன்னு சொல்லிட்டா போவான்?" தோசையைத் திருப்பிக்கொண்டே இராஜம்மா கேட்டாள். "உங்கப்பா என்னைக்குடா எட்டு மணிக்கு முன்னால எந்திரிச்சாரு? கட்டிக்கிட்டு வந்த எனக்கே ஒரு நாள் காலை வணக்கம் சொன்னதில்ல. ஊருக்கா சொல்லப் போறாரு? அந்த நேரத்துல முழிச்சிருக்கிற ஆளு ஒருத்தருதான். சுபுஹு தொழுதுட்டு, கடை திறக்கிற வரைக்கும் சும்மா உக்காந்திருப்பாரு."

"யாரும்மா?"

"ஜாபர் பாய்."

தோசை கருகியது. யாரும் கவனிக்கவில்லை.

மஸ்ஜித் இந்தியா தெருவில் சேலைக்கடை வைத்திருக்கும் ஜாபர் அலி என்றால் இந்த வீட்டில் எதிரிக்கு இன்னொரு பெயர். அதே இரவு எட்டு மணிக்கு அவரும் லைவ் வருவார். "கிள்ளான்ல ஒரு கடை இருக்கு. அங்கே சேலை வாங்கினா கொசுவலை இலவசம்பாங்க. ரெண்டும் ஒரே துணிதான்" என்று ஆரம்பிப்பார். பழனியப்பன் இங்கிருந்து பதில் கொடுப்பார். ஜனங்கள் இரண்டு போனை வைத்துக்கொண்டு இரண்டையும் பார்த்தார்கள். சாவு வீட்டுக்கு முகம் பார்க்க வந்த ஜாபர் அலியைத் திருச்செல்வம் வாசலிலேயே மறித்து, "வியாபாரத்துல அடிச்சது போதாதா, வீட்டுக்கும் வந்துட்டீங்களா?" என்று கேட்டான். மனிதர் மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்மா?" என்றாள் மலர்விழி.

"முதல் நாள்ல இருந்து."

"ஏன் சொல்லல?"

"கேட்டீங்களாடா? ரெண்டு பேரும் விரலைத் தேடிக்கிட்டு இருந்தீங்க."

மஸ்ஜித் இந்தியாவுக்குப் போகும் ஃபெடரல் ஹைவேயில் வழக்கம்போல நெரிசல். கார் நகர்ந்ததைவிட அண்ணன் தங்கை வாக்குவாதம் அதிகம் நகர்ந்தது.

"நீதான் பேசணும்" என்றாள் மலர்விழி. "வாசல்ல மறிச்சது நீ."

"நீ வியாபாரி. பேரம் உனக்குத்தான் வரும்."

"மன்னிப்புல என்னண்ணே பேரம்?"

அதற்கு விடை மஸ்ஜித் இந்தியாவில் இருந்தது.

ஜாபர் அலி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, அளவெடுத்த தாடி, வந்தவரின் பர்ஸ் கனத்தை நடையிலேயே கண்டுபிடிக்கும் கண். இருவரையும் பார்த்தார். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வாங்க பாஸ், வாங்க தங்கச்சி. சேலையா, சட்டைத் துணியா?"

"அங்கிள், நாங்க..."

"உக்காருங்க. அந்த அரக்குச் சிவப்பை எடுத்து விரிப்பா!"

துணி விரிக்காமல் பேச்சைத் தொடங்குவது அந்தத் தெருவில் சகுனத்தடை. ஒன்று விரிந்தது, இரண்டு விரிந்தது, நான்காவது சேலைக்குப் பின்னால் திருச்செல்வம் மார்பு வரை மறைந்துபோனான்.

"அங்கிள், எங்க பக்கத்துல தினம் வணக்கம் போடுறது..."

"நான்தான்."

அவ்வளவு சுலபமாக வந்த பதிலை என்ன செய்வதென்று தெரியாமல் திருச்செல்வம் சேலையைத் தடவிப் பார்த்தான்.

"உங்கப்பன் அட்மின் கொடுத்தான். என் பக்கத்துக்கு அவன் அட்மின், அவன் பக்கத்துக்கு நான். மத்தியானம் ஒரே கடையில தே தாரிக் குடிப்போம். ராத்திரிக்கு யாரு யாரை எப்படித் திட்டணும்னு அங்கேதான் பேசி வைப்போம்."

"அப்ப அந்தச் சண்டை?"

"யாவாரம் தம்பி! ரெண்டு கடையும் நல்ல கடைன்னு சொன்னா எவன் பார்ப்பான்? ரெண்டு கடைக்காரன் அடிச்சுக்கிறான்னா தட்டுல சோத்தை வச்சுக்கிட்டுப் பார்ப்பான்."

"வேல் படம்கூட நீங்களா போடுறீங்க?" என்றாள் மலர்விழி.

"கடை அவனோடது. அவன் கடை வாசல்ல அவன் சாமிதானே இருக்கணும்?" அவர் ஒரு முந்தானையை மடித்தார். சரியாக வரவில்லை, மறுபடி மடித்தார். "அவன் போன அன்னைக்குக் காலையில வணக்கம் போட்டுட்டுத்தான் கடைக்கு வந்தேன். பத்து மணிக்குச் சேதி வருது. மறுநாள் தொழுதுட்டு உக்காந்தா, கை அதுவாப் போனை எடுத்துருச்சு. வேணாம்னு சொல்ல முடியல." மடித்ததை ஓரமாக வைத்தார். "அதுவுமில்லாம, நிறுத்தினா கூட்டம் கலைஞ்சுரும்ல?"

திருச்செல்வம் சேலைக் குவியலைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றான்.

"வாசல்ல நான் பேசினது தப்பு அங்கிள்."

"தப்புதான்."

"மன்னிச்சிருங்க."

"அது உன் முதல் விலை" என்றார் ஜாபர் அலி. "இன்னும் மேல ஏத்து."

மலர்விழி அண்ணனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். இனி இது அவள் களம்.

"என்ன வேணும் அங்கிள், நேராச் சொல்லுங்க. நீங்க ரெண்டாவது அட்மினா இருக்கிறதால பக்கம் தப்பிச்சிருச்சு. அதுக்கு நன்றி. ஆனா எனக்குச் சாவி வேணும். முழுச் சாவி."

"தர்றேன். உங்கப்பன் போனதுல இருந்து என்னைத் திட்ட ஆள் இல்ல. நானும் தனியாக் கத்திப் பார்த்துட்டேன். எதிர்ல எவனும் இல்லாமக் கத்தினா பைத்தியம்னு நினைக்கிறான். யாவாரம் படுத்துருச்சு. எட்டு மணிச் சண்டை திரும்ப வரணும். ஆளைக் கொடு, சாவியை எடு."

இருவர் பார்வையும் திருச்செல்வத்தின் மேல் விழுந்தது.

"நானா?"

"திட்டு தம்பி. பயப்படாதே. என் சேலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லு."

திருச்செல்வம் டையைச் சரிசெய்வதுபோலக் கழுத்தைத் தடவினான். சனிக்கிழமை, டை இல்லை.

"உங்கள் சரக்கின் தரம்... எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பதை வருத்தத்தோடு..."

"யா அல்லாஹ்" என்றார் ஜாபர் அலி. "இது திட்டா, வேலைக்கு எடுக்கலன்னு அனுப்புற ஈமெயிலா?"

மலர்விழி முயன்றாள். "ஜாபர் கடைச் சேலையைக் கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போனா, மாப்பிள்ளை வீட்டுக்காரன் மேசை துடைக்கக் கேட்பான்."

கடைப் பையன்கள் சிரித்தார்கள். முதலாளி தலையைச் சாய்த்து, துணியின் நெசவைப் பார்ப்பதுபோல அந்த வாக்கியத்தைப் பார்த்தார்.

"நல்ல சரக்குதான். ஆனா லைட் வெயிட். பாப்பா, உங்கப்பன் திட்டினானே, அதெல்லாம் அவனுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு நினைச்சே? வீட்டுல வாங்கினதைத்தான் அவன் லைவ்ல வித்தான். அவன் சில்லறை யாவாரி. மொத்த யாவாரி உங்க வீட்டு அடுப்படியில இருக்காங்க."

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மாவா?"

"இன்னைக்கு எட்டு மணிக்கு உங்கம்மா வரணும். வந்தா முழுச் சாவி."

"இப்பப் பாதி" என்றாள் மலர்விழி உடனே. "லைவ் போடுற உரிமை மட்டும் இப்ப. அம்மா வாயைத் திறந்த அடுத்த நிமிஷம் மீதி. காலை வணக்கத்தை நீங்களே வச்சுக்கங்க. எங்களால அந்த நேரத்துக்கு எந்திரிக்க முடியாது."

ஜாபர் அலி போனை எடுத்துத் தட்டினார். "பழனி புள்ளதான்."

அந்த நேரம் பார்த்துத் திருச்செல்வத்தின் போன் ஒலித்தது. அப்பாவின் கணக்கு நினைவுக் கணக்காகிவிட்டது என்று தகவல். மலர்விழி அவசரமாகக் கடைப் பக்கத்தைத் திறந்தாள். நாற்பதாயிரம் பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அவளுக்கு மூச்சு வந்தது.

"அப்போ அப்பாவோட சொந்தக் கணக்கை இனி யாரும் தொட முடியாதுல்ல?" என்றான் திருச்செல்வம்.

"ஒருத்தர் தொடலாம்" என்றார் ஜாபர் அலி. "தான் போனபிறகு பார்த்துக்கன்னு ஒரு ஆளை முன்னாலயே வச்சிருக்கலாம். அந்த ஆள் மெசேஜ் எதையும் படிக்க முடியாது. படம் மாத்தலாம், மேல ஒரு சேதி எழுதி வைக்கலாம். பழனி வச்சிருக்கான்."

"உங்களையா?"

"அப்படித்தான் நினைச்சேன். பக்கத்துல உக்காந்துதான் வச்சான். எட்டிப் பார்த்தேன். போனைத் திருப்பிக்கிட்டுச் சிரிச்சான்."

"நான் மாட்டேன்" என்றாள் இராஜம்மா.

இது சாயங்காலம், கடையில். வளைய விளக்கு எரிந்தது. ஒரு போன் லைவுக்கு, இன்னொரு போன் எதிரியைப் பார்க்க.

"தாலி கழட்டி ஒரு மாசம்தான் ஆகுது. சிங்காரிச்சுக்கிட்டு லைவ்ல உக்காந்தா வீரம்மா சும்மா இருப்பாளா?"

"அத்தை அட்மின் இல்லம்மா" என்றான் திருச்செல்வம். அன்று அவன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது.

இராஜம்மா அடுக்கி வைத்த சரக்கைப் பார்த்தாள். மாடிப்படி வரைக்கும் இருந்தது. மகளைப் பார்த்தாள். அந்தப் பெண் கெஞ்சவில்லை. ஆணியில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தச் சேலையைக் காட்டணும்?" என்றாள் இராஜம்மா.

எட்டு மணி. மலர் சில்க்ஸ் பக்கம் ஒரு மாதத்துக்குப் பிறகு நேரலையில் வந்தது. நூறு பேர், முந்நூறு பேர். திரையில் ஓர் அம்மாள், சாம்பல் நிறச் சேலை, கையில் ஒரு சேலை மடிப்பு, வாயில் ஒன்றுமில்லை. மலர்விழி மேசைக்கு அடியிலிருந்து சைகை செய்தாள். இராஜம்மா கேமராவைப் பார்த்தாள். கேமரா இராஜம்மாவைப் பார்த்தது.

எதிர்ப் போனில் ஜாபர் அலி களத்தில் குதித்தார். "கிள்ளான்காரங்க இன்னைக்குப் புது ஆளை இறக்கியிருக்காங்களாம்! சரக்கை மாத்த முடியல, அதான் ஆளை மாத்துறாங்க!"

இராஜம்மாவின் புருவம் ஒன்று மெல்ல மேலே போனது. அந்தப் புருவத்தைத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரும் தங்களை அறியாமல் ஓரடி பின்வாங்கினார்கள்.

"பாய், நல்லா இருக்கீங்களா? உங்க கடையில ஒரு தடவை பட்டு வாங்கினேன். சாயம் போகவே போகாதுன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தீங்க. உண்மைதான். சேலையை விட்டுத்தான் போச்சு, என் உடம்பை விட்டுப் போகல."

எண்ணூறு பேர்.

"ரெண்டாவது தடவை பருத்தி வாங்கினேன். துவைச்சுக் கொடியில போட்டேன். சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன், கிளிப்பு மட்டும் தொங்குது."

எதிர்ப் போனில் ஜாபர் அலி முகத்தைக் கோபமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார். "அம்மா, அது உங்க வீட்டுத் தண்ணி!" என்று கத்தினார், கத்தும்போதே ஒரு கையால் கண்ணைத் துடைத்தார். மறு கை கீழே எதையோ தட்டியது. மலர்விழியின் போன் துடித்தது. முழுச் சாவி.

ஆர்டர்கள் விழத் தொடங்கின. "அரக்குச் சிவப்பு ஒண்ணு அக்கா." "அம்மா, இன்னொரு திட்டு ப்ளீஸ்." "சிரம்பானுக்கு அனுப்புவீங்களா?" திருச்செல்வம் எழுதினான்; கண்டெய்னர் மேனேஜர் வாழ்க்கையில் முதல் முறையாகக் கைவேகம் போதாமல் வேர்த்தான். ஆயிரத்து ஐந்நூறு பேர். இராஜம்மா முந்தானையை உதறினாள். நிறம் விளக்கில் ஏறி நின்றது.

அப்போது திரையில் ஒரு கேள்வி ஓடியது.

"ஆன்டி, அங்கிள் புரொஃபைல் படம் மாத்திட்டாரா?"

அடுத்து இன்னொன்று. "ஆமா லா, இப்பத்தான் மாறிச்சு!" பிறகு பத்து, இருபது.

மலர்விழி அப்பாவின் கணக்கைத் திறந்தாள். பெயருக்குப் பக்கத்தில் நினைவஞ்சலி. அப்பா வைத்துவிட்டுப் போன அந்த ஒருத்தர் படத்தை மாற்றியிருந்தார். கீழே, இதுவரை யாரும் பார்த்திராத ஒரு படம். எங்கோ ஒரு கடற்கரைச் சாப்பாட்டுக் கடை. நரைத்த தலையோடு, கடைசியாகப் பார்த்த அதே வயதில், அப்பா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். எடுத்தவரின் நிழல் மேசை விளிம்பில் விழுந்திருந்தது.

"காட்டு" என்றாள் இராஜம்மா.

"அப்புறம் பார்க்கலாம்மா, லைவ் போய்க்கிட்டு..."

"காட்டுடி."

இராஜம்மா போனை வாங்கினாள். சிரிப்பைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கி, அவர் தோளில் தெரிந்த சட்டைத் துணிக்குக் கொண்டுபோனாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து பழனியப்பன் உடம்பில் ஏறிய ஒவ்வொரு சட்டைக்கும் தங்கள் கடையிலேயே துணி எடுத்தவள் அவள், தைத்தவளும் அவள்.

எதிர்ப் போனில் ஜாபர் அலியின் சத்தம் நின்றுபோயிருந்தது. மறுபக்கம் இரண்டாயிரம் பேர் காத்திருந்தார்கள். இராஜம்மா அவர்களை மறந்துவிட்டாள்.

"மலரு," என்றாள், "இது நம்ம கடைத் துணி இல்லையே."